எம்மெல்லே பாட்டில்

அவர் யாரையும் பார்த்து, பொய் சொல்கிறாய் என்று சொன்னதில்லை. தேதி மட்டும் கேட்பார். "எந்தத் தேதிங்க?" என்பார். இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று நோயாளியிடம் கேட்கிற அதே குரல், அதே மரியாதை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்கும் பயப்படுவேன். போன வருஷம் பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில் ஒரு பெண் குமாஸ்தா, "எந்தத் தேதியில ரிடையர் ஆனீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பாவம், அவள் எழுந்து போய் மின்விசிறியைப் போட்டாள்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் அவர் கம்பவுண்டராக இருந்தார். ஊரே அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது. நானும் பெயர் சொல்லப் போவதில்லை. ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக்கூடக் கழற்ற மாட்டார். இடுப்பில் ஒரு கயிற்றில் சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். கத்தோலிக்கர். யாருக்காவது காய்ச்சல் அதிகம் என்று ஆள் வந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூடப் பாதியில் எழுந்து வருவார் என்று சொல்வார்கள்.

நான் அந்தக் காலத்தில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி. எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள். அவருடைய பேரப்பிள்ளைகளைக் கல்யாண வீடுகளில் பார்க்கிறேன், நல்ல பிள்ளைகள். திண்டிவனத்தில் அவர் எடுத்திருந்த வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். தபாலில் வருகிற எதுவானாலும் அதன் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் வரிசை எண் போட்டு, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போடுவேன். பிறகு மனுக்களுக்குப் பதில் எழுதுவேன். ஊரில் என்னை ரைட்டர் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போதுள்ளவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு மருந்து என்றால் கலக்கிக் கொடுக்கிற தண்ணீர் மருந்துதான். அதைப் பாட்டிலில் ஊற்றிய பிறகு கம்பவுண்டர் ஒரு நீளக் காகிதத் துண்டை எடுத்து, ஓரத்தில் வேளைக்கு ஒரு வெட்டு வெட்டி, பாட்டிலின் மேல் நெட்டுக்குத்தாக ஒட்டுவார். ஆறு வெட்டு என்றால் ஆறு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரைக்கும் குடித்தால் போதும், அளவு தப்பாது.

அந்த டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிற மேஜைக்கு மேலே, சட்டென்று கைக்கு எட்டாத தட்டில், காலிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். உள்ளே மருந்து கிடையாது, மேலே காகிதம் மட்டும் ஒட்டியிருக்கும். சட்டசபை ஒரு தடவை கூடிக் கலைந்தால் ஒரு பாட்டில். எங்கள் எம்.எல்.ஏ. கேள்வி கேட்டிருந்தால் காகிதத்தில் முக்கோண வெட்டு. பேசியிருந்தால் சதுர வெட்டு. ஓட்டெடுப்பில் ஆதரித்திருந்தால் நீல மையில் கோடு, எதிர்த்திருந்தால் சிவப்புக் கோடு. முதல் இரண்டு பாட்டில்களில் இருந்த காகிதத்தில் கத்தரிக்கோல் படவே இல்லை.

மருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, அது என்ன என்று கேட்பார்கள். "எம்மெல்லே பாட்டிலுங்க" என்பார். வெட்டுக்கும் கோட்டுக்கும் அர்த்தம் சொல்லுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை விற்க வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். கொஞ்ச நாளில், "எம்மெல்லே பாட்டில்ல இப்போ எத்தினி வேளை கீது?" என்று டீக்கடையில் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வரி மசோதாவை எதிர்த்துத் தான் ஓட்டுப் போட்டதாக எம்.எல்.ஏ. ஒலக்கூர் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்ட பெரியவர் ஒருவர் மூட்டுவலி மருந்துக்கு வந்தபோது கம்பவுண்டரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இவர் முக்காலியில் ஏறி ஒரு பாட்டிலை இறக்கிக் காட்டியிருக்கிறார். நீலக் கோடு. பெரியவர் மருந்து வாங்காமலே ஊருக்குப் போய்விட்டாராம்.

எங்கள் எம்.எல்.ஏ. சத்தம் போடுகிற ஆள் இல்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"அந்த ஆளு சட்டசபைக்குள்ள வந்து உக்காந்துக்கினா பாத்தான்?"

"அச்சுல வர்ற நடவடிக்கைப் புத்தகத்தப் பாத்துதான் சொல்றாராம் ஐயா."

"அது மெம்பருங்களுக்கு வர்றதாச்சே. மருந்து கலக்குறவன் கைக்கு எப்படிப் போச்சு?"

"மெட்ராசுல வெலைக்குக் கெடைக்கும்னு சொல்றாங்க ஐயா."

"அவன் வெழுப்புரத்தத் தாண்டி எங்கயும் போனதில்ல, விசாரிச்சிட்டேன். எவனோ எடுத்துக் குடுக்குறான். எவன்னு பாரு."

அன்றிலிருந்து நான் ஊரில் எல்லோரையும் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். தேர்தலில் தோற்றவர் மேல் சந்தேகப்பட்டேன். தபால்காரர் மேல் சந்தேகப்பட்டேன். மாதாகோயில் சாமியாரிடம் மெட்ராஸிலிருந்து ஆட்கள் வந்து போவதைக் கவனித்தேன். கடைசியில், சி.ஐ.டி. இலாகாவே ஒரு கம்பவுண்டரை வேலைக்கு வைத்திருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். எனக்குச் சந்தேகம் வந்தால் அப்படித்தான், எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

இல்லாத இருமலை வரவழைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன்.

"இன்னா ரைட்டரு, இருமலா? எந்தத் தேதியிலேர்ந்து?"

தேதி எதற்கு என்று திணறி, "வெள்ளிக்கெழமயிலேர்ந்து" என்றேன்.

"வெள்ளிக்கெழம தேரடியில நல்லா பேசிக்கினு இருந்தீங்களே" என்று சொல்லிக்கொண்டே அவர் மருந்தைக் கலக்கி, நாலு வேளை வெட்டி ஒட்டிக் கொடுத்தார். வாயில் வைக்க முடியாத கசப்பு. வேண்டுமென்றே அப்படிக் கலந்தார் என்றுதான் இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு நாள் நேராகவே கேட்டேன்.

"ஒங்களுக்கும் எம்மெல்லேவுக்கும் இன்னா தகராறு?"

"தகராறா? நான் அவருக்குத்தாங்க ஓட்டு போட்டேன். எங்க தெருவுல பத்து ஊட்ல சொல்லி வேற போட வெச்சேன். மருந்து குடுத்தா கேட்டுச்சா, கேக்கலயான்னு பாக்க வாணாமா?"

நான் நம்பவில்லை. இவ்வளவு சின்னக் காரணத்துக்கு ஒரு மனுஷன் இவ்வளவு வேலை பார்ப்பானா? அதைவிட மோசம், ஒரு கூட்டத்தொடரில் எம்.எல்.ஏ. மல்லாட்டை விதைக்காக நிஜமாகவே பத்து நிமிஷம் பேசிவிட்டார். கம்பவுண்டர் சதுர வெட்டு வெட்டி ஒட்டி, ஒரு வாரம் வந்தவர் போனவருக்கெல்லாம் சந்தோஷமாக இறக்கிக் காட்டினார். எதிராளி இப்படிச் செய்வானா என்று எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பூசை முடிந்து துணிப்பையோடு ரயில் ஏறினார். நானும் அதே வண்டியில் பின்பெட்டியில் ஏறினேன். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு வீட்டுக்குள் போனார். அரைமணி கழித்து வெளியே வந்தபோது பை நிறைந்திருந்தது. ஆள் கிடைத்தான் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அது பழைய பாட்டில் வியாபாரியின் வீடு. அவன் என்னைப் பார்த்து, எத்தனை வேண்டும் என்றான். ஒன்றும் வேண்டாம் என்றால் சந்தேகப்படுவானே என்று இரண்டு வாங்கிக்கொண்டேன். திரும்பி வருகிற வண்டியில் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே வந்து உட்கார்ந்தார் கம்பவுண்டர்.

"பாட்டில் வாங்கவா இம்மாந் தூரம் வந்தீங்க? என்னாண்ட சொல்லியிருந்தா நானே வாங்கியாந்திருப்பேனே ரைட்டரு."

திண்டிவனம் வரும் வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இது வரைக்கும் விளையாட்டு மாதிரி இருக்கும். ஒலக்கூருக்குக் கிழக்கே உள்ள ஓடையைப் பற்றிச் சொன்னால் அப்படி இருக்காது. கோடையில் அதில் ஆடு மேயும். ஐப்பசி பிறந்தால் அந்தப் பக்கத்து நாலு ஊரும் துண்டாகிவிடும். ஒரு தரைப்பாலம் வேண்டும் என்று வருஷா வருஷம் மனு வரும், வருஷா வருஷம் நான் பதில் எழுதுவேன். அந்த வருஷம் ஒரு பிரசவக்காரியைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்கள் தண்ணீர் வடியட்டும் என்று ஒரு பகல் பூராவும் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. தாய் பிழைத்ததே பெரிது. துணி மாற்றி, வெந்நீர் வைத்து எல்லாம் செய்தது கம்பவுண்டர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் வாயிலிருந்து அது வரவில்லை.

தை மாசம் எம்.எல்.ஏ. அந்த ஊருக்குப் போனார். நானும் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கூட்டம்.

"இந்தத் தரைப்பாலத்துக்காக நான் ரெண்டு தடவ சட்டசபையில பேசியிருக்கேன்" என்றார்.

கூட்டத்தின் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கையைத் தூக்கினார்.

"எந்தத் தேதிங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எம்.எல்.ஏ. என் பக்கம் கையைக் காட்டினார். "தேதியெல்லாம் ரைட்டரு எழுதி வெச்சிக்கினு கீறாரு. அனுப்புவாரு."

"சரிங்க. காத்துக்கினு இருக்கேன்" என்றார் கம்பவுண்டர்.

காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியபோது எம்.எல்.ஏ. சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள புத்தகம் குடுக்குறவன் யாருன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்கோப்பா."

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கையில் ஒரு வயசுப் பெண் குழந்தை. ஊரில் இருந்த நிலம் அண்ணன்கள் மூவர் வாய்க்கே போதாது. அந்த மாசம் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

மாசக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஆறு பொட்டலம் பொடி எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் மடித்துத் தந்தார். வீட்டில் என் மனைவி மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்துத் தேனில் குழைத்தபோது அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே சட்டசபை நடவடிக்கைகள் என்று பாதி தலைப்பு. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு எண். எண்ணுக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து.

அது என் கையெழுத்தேதான். மெட்ராஸிலிருந்து அந்தப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக எம்.எல்.ஏ.வுக்கு வரும். நான் முதல் பக்கத்தில் எண் போட்டு மூலையில் அடுக்குவேன். அவர் தொட்டதே இல்லை. நானும் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. இரண்டு மாசத்துக்கு ஒரு முறை பழைய பேப்பரோடு சேர்த்துக் காகிதக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவேன். பொட்டலம் மடிக்க அங்கேதான் டிஸ்பென்சரிக்குக் காகிதம் வாங்குவார்கள். எடுத்துக் கொடுக்கிறவன் எவன் என்று ஒரு வருஷமாக ஊரைச் சுற்றித் தேடியவன் நான்தான், எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவர் புத்தகம் புத்தகமாகப் புரட்டியவர். அத்தனை புத்தகத்திலும் என் எழுத்தைப் பார்த்திருப்பார். இதை எனக்குக் காட்ட வேண்டும் என்றே அந்தப் பக்கத்தில் மடித்தாரா, கைக்கு வந்த காகிதத்தில் மடித்தாரா? அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாசக் கடைசியில் எம்.எல்.ஏ. பொறுமை இழந்து தானே டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டார். என்னையும் வரச் சொன்னார். உள்ளே ஏழெட்டு நோயாளிகள் இருந்தார்கள்.

"ஒனக்குப் புத்தகம் யாருய்யா குடுக்குறது?"

"யாரும் குடுக்கலைங்க. பொட்டலம் மடிக்க வாங்குற காகிதத்துல வருதுங்க."

"காகிதக் கடையில யாரு போடுறது?"

கம்பவுண்டர் கத்தரிக்கோலைத் துணியால் துடைத்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"அது தெரியாதுங்க. எத்தினியோ மெம்பருங்க கீறாங்க, யாருதோ."

"பேரு, கீரு ஒண்ணும் இருக்காதா?"

"மொதல் பக்கம் கிழிஞ்சிதாங்க வருது."

எம்.எல்.ஏ. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், "எவனோ ஒரு மெம்பரு படிக்காமலே எடைக்குப் போடுறான் பாரு, அவனுக்கெல்லாம் ஓட்டு போடுறாங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் போகத் திரும்பியபோது, கம்பவுண்டர் மருந்தைக் குலுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இனிமே மொதல் பக்கத்தக் கிழிச்சிட்டுப் போடுங்க ரைட்டரு."

அன்று என் வேலையைக் காப்பாற்றியது அவர்தான். ஆனால் என்னை நினைத்துக் காப்பாற்றினாரா, என் வேலை போனால் புத்தகம் வராதே என்று காப்பாற்றினாரா? எத்தனையோ தடவை இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைத் தொடர்ந்து போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பாட்டில் எம்.எல்.ஏ.வையும் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால், "அந்த ஓடை விஷயமா ஒரு கேள்வி எழுதிக் குடுப்பா" என்றார். எழுதிக் கொடுத்தேன். நாலைந்து மாசம் கழித்துப் புத்தகம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் முதல் பக்கத்தைத் தாண்டிப் புரட்டினேன். கேள்வி இருந்தது. கீழே மந்திரியின் பதிலும் இருந்தது. இந்தக் கோரிக்கை இப்போதுதான் முதல் முறையாக அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறது, இடத்தைப் பார்த்து அறிக்கை தர உத்தரவிடப்படும் என்று சொல்லியிருந்தார்.

இதைக் காகிதக் கடை வழியாக அனுப்ப மனசு வரவில்லை. முதல் பக்கத்தைக் கிழிக்காமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பவுண்டர் நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கேட்டுட்டாரு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே முக்கோணம் வெட்டினார். முக்காலியில் ஏறிப் பாட்டிலை வைக்க இடம் ஒதுக்கியபோதுதான் வரிசைக்குப் பின்னால் இருந்த சின்னப் பாட்டிலைப் பார்த்தேன். அதிலும் காகிதம் ஒட்டியிருந்தது. பதினொரு வெட்டு. காகிதத்தின் தலையில் சிவப்பு மையில் என் முதலெழுத்து.

"இது இன்னாதுங்க?"

அவர் ஒளிக்கவில்லை. "அது ஒங்களுதுங்க. ஓடைக்கு அந்தாண்டேர்ந்து மருந்துக்கு வர்றவங்க மடியில ஒங்க கடுதாசி இருக்கும். பாலத்தப் பத்தி சட்டசபையில பேசியாச்சி, சீக்கிரம் வந்துடும்னு எழுதியிருப்பீங்க. அத நம்பித்தான் அவங்க வேற யாராண்டயும் போகாம இருந்தாங்க. கடுதாசிக்கு ஒரு வெட்டு."

"அதெல்லாம் எம்மெல்லே சொல்லித்தாங்க எழுதினேன்."

கம்பவுண்டர் முக்காலியிலிருந்து இறங்கினார்.

"எந்தத் தேதிங்க சொன்னாரு?"

நான் யோசித்துப் பார்த்தேன். எம்.எல்.ஏ. அப்படிச் சொல்லவே இல்லை. பதில் போட்டுடுப்பா என்பார், அவ்வளவுதான். பேசியாச்சு என்று எழுதினால் மனு கொடுத்தவர் சந்தோஷப்படுவாரே, திரும்பத் திரும்ப வந்து நிற்க மாட்டாரே என்று நானாக எழுதியதுதான். எம்.எல்.ஏ. அந்த ஊரில் சொன்ன இரண்டு தடவைகூட என் கடிதங்களிலிருந்து கிளம்பியதாக இருக்கலாம். கட்டிலைக் கரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் ஊருக்கு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நோயாளிகளுக்கு முன்னால் அழ வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு தபால் கார்டு வாங்கி வந்து உட்கார்ந்தேன். முன்பு எழுதியது உண்மையல்ல, பாலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டது இப்போதுதான், இன்ன தேதி, இன்ன பக்கம் என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அவற்றில் ஒன்று எம்.எல்.ஏ. கைக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த மாசத்தோடு என் வேலை போயிற்று. பிறகு ஒலக்கூர் பஞ்சாயத்து யூனியனில் வேலை கிடைக்கும் வரை ஒன்றரை வருஷம் மாமனார் வீட்டுச் சோறு. அந்தச் சோறு தொண்டையில் இறங்கும்போதெல்லாம் கம்பவுண்டரை நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டது இதற்குத்தானோ என்றும் நினைப்பேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது மகளுக்கு மருந்து வாங்கப் போனபோது. வேலை போனதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தைக்கு எந்தத் தேதியிலிருந்து வயிற்றுப்போக்கு என்றுதான் கேட்டார், சொன்னேன். மருந்தைக் கலக்கும்போது மேல் தட்டை அண்ணாந்து பார்த்தேன். எம்மெல்லே பாட்டில்கள் அப்படியே இருந்தன. பின்னால் என் சின்னப் பாட்டிலைக் காணவில்லை.

"அதுவா, மருந்து ஊத்தி யாருக்கோ குடுத்துட்டேங்க" என்றார்.

என் காகிதத்தைக் கழுவி எடுத்துவிட்டுக் கொடுத்தாரா, அதோடேயே கொடுத்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.